அத்தையின் கணினியும் 13 வைரஸ்களும்: போலி எச்சரிக்கைகளுக்கு எதிராக நான் பயன்படுத்திப் பார்த்த கருவிகள்

ஸ்ரீரங்கத்தில் தனியாக வசிக்கும் என் அத்தை, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால், பால்காரர் வராத நாளிலிருந்து மின்தடை நேரம் வரைக்கும் எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் தேதியுடன் குறித்துவைப்பார். 2025 செப்டம்பரில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, “கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு சொல்லுதுடா, ஆனா அதோட கணக்கு இடிக்குது” என்றார். நேரில் போய் நோட்டைப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது விளங்கியது. காலை 9.10-க்கு 5 வைரஸ், 9.40-க்கு 13 வைரஸ், 11.05-க்கு மறுபடியும் 5 வைரஸ், மாலையில் மீண்டும் 13 என்று வரிசையாக எழுதியிருந்தார். “நான் எதையும் தொடலையே, நடுவுல அந்த எட்டு எங்க போச்சு?” என்று கேட்டார். போலி எச்சரிக்கையை அடையாளம் காண்பதற்கு இதைவிடச் சுருக்கமான சோதனையை எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தக் கணினிக்கு அது முதல் முறையும் அல்ல. அதற்கு முந்தைய மாதம்தான் அருகிலிருந்த ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து, ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் செய்து, ஓர் ஆண்டுக்கான வைரஸ் தடுப்பு மென்பொருளும் போட்டு, 2,050 ரூபாய் செலவழித்திருந்தார். பத்து நாளில் எச்சரிக்கைகள் திரும்பி வந்துவிட்டன. கடையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலும் இருந்தன என்பதைக் காட்டவே எழுதுகிறேன். கணினியில் வைரஸ் எதுவும் இல்லை. இருந்தது ஓர் அனுமதி மட்டுமே. அதை யாரும் திரும்பப் பெறவில்லை. அன்று தொடங்கி நான்கு மாதங்கள் அந்தக் கணினியில் நான் பயன்படுத்திப் பார்த்த இலவசக் கருவிகளைப் பற்றியதே இந்த மதிப்புரை. கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. நம் வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இந்த வயதுடையவைதான் என்பதால், புதிய மடிக்கணினியில் சோதித்துப் பார்ப்பதைவிட இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

கருவிகளுக்குப் போகுமுன் எச்சரிக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வகைகளை நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். அத்தையின் திரையில் வந்தது முதல் வகை. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு எழும்பும். சிவப்புக் கேடயம், பெயர் பெற்ற ஒரு வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் சின்னம், கணினிக்கு ஆபத்து என்று அலறும் தலைப்பு, இப்போதே நீக்கச் சொல்லும் ஒரு பொத்தான் எல்லாம் அதில் இருக்கும். இவற்றுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் மட்டுமே தெரிகிற சிறிய சாம்பல் எழுத்தில் இரண்டு செய்திகள் இருக்கும்: ஒன்று குரோம் என்ற உலாவியின் பெயர், மற்றது வாயில் நுழையாத ஓர் இணைய முகவரி. அந்தச் சாம்பல் வரி மட்டும்தான் உலாவி சொல்வது. மற்றதெல்லாம் அந்த முகவரிக்காரர் தயாரித்து அனுப்பிய படமும் எழுத்தும்.

உலாவிகள் இந்த வசதியைக் கெட்ட நோக்கத்துக்காகக் கொண்டுவரவில்லை. ஒரு தளத்தை மூடிய பிறகும் அதிலிருந்து செய்தி வந்து சேர வேண்டும் என்பதற்காக, 2015-இல் குரோம் இந்தப் புஷ் அறிவிப்பு முறையைத் தொடங்கியது. மின்னஞ்சல் வந்தது, கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தது என்று சொல்ல அது உதவும். அதே வழியாகத்தான் வைரஸ் வந்துவிட்டதாகவும் சொல்ல முடியும். அனுமதி என்ற ஒரு பொத்தானை அழுத்த வைத்துவிட்டால் போதும். பழைய இலக்கண நூல் ஒன்றின் பிடிஎஃப் தேடிப்போன அத்தையிடம் ஒரு தளம், ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று கேட்டிருக்கிறது. வங்கியும் ரயில்வேயும் ஓயாமல் இப்படி உறுதிசெய்யச் சொல்லிப் பழக்கியிருக்கும்போது, அவர் அழுத்தியதில் என்ன வியப்பு? ஃபார்மேட் செய்து வந்த பிறகும் அதே நூலைத் தேடி, அதே தளத்துக்குப் போய், அதே பொத்தானை மறுபடியும் அழுத்தியிருக்கிறார். சீட்டைத் தொட்டால் திறக்கும் பக்கம் பல சமயம் உண்மையான நிறுவனத்தின் விற்பனைப் பக்கமாகவே இருக்கும் என்பது இதில் இன்னொரு வேடிக்கை. பயந்து வாங்குபவர் கட்டும் தொகையில், பயமுறுத்திய இடைத்தரகருக்குக் கமிஷன் போகும்.

இரண்டாவது வகை முழுத்திரைப் பூட்டு. எங்கோ ஒரு விளம்பரத்தைத் தொட்டதும், அல்லது முகவரியில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டியதும், திரை முழுவதையும் ஒரு நீலப் பக்கம் அடைத்துக்கொள்ளும். விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான விண்டோஸ் டிஃபெண்டர் போலவே சாளரங்கள், கீச்சிடும் ஒலி, கணினியை அணைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கும் பதிவுசெய்த குரல், நடுவில் ஒரு தொலைபேசி எண். சுட்டியின் அம்பு காணாமல் போய்விடும், வழக்கமான விசைகள் வேலை செய்யாதது போலிருக்கும். இதுவும் வெறும் இணையப் பக்கம்தான். வீடியோ பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் உலாவி தருகிற முழுத்திரை வசதியையும் விசைப்பூட்டு வசதியையும் எடுத்துக்கொண்டு மிரட்டுகிறது. உண்மையான ஆபத்து அந்த எண்ணை அழைத்த பிறகே தொடங்கும். எதிர்முனையில் இருப்பவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்லி, கணினியில் நடப்பவற்றைப் பதிந்து காட்டுவதற்காக விண்டோஸிலேயே இருக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, எல்லாக் கணினியிலும் சாதாரணமாகக் கிடக்கும் மஞ்சள், சிவப்புக் குறிகளைக் காட்டி, இவைதான் வைரஸ் என்பார். 2023 அக்டோபரில் ஆபரேஷன் சக்ரா 2 என்ற பெயரில் சிபிஐ 76 இடங்களில் சோதனை நடத்தியபோது, மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில் சிக்கியவற்றில் இப்படித் தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்களும் இருந்தன.

முதல் வகைக்கு மருந்து, எங்கிருந்தும் தரவிறக்க வேண்டிய கருவி அல்ல. உலாவிக்குள்ளேயே இருக்கும் அறிவிப்பு அமைப்புதான். குரோமில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகள், அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று ஐந்து படிகள் இறங்கினால், எந்தெந்தத் தளங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் கிடைக்கும். அத்தையின் கணினியில் 14 முகவரிகள் இருந்தன. அவற்றில் அவருக்குத் தெரிந்தது ஒரு நாளிதழின் பெயர் மட்டுமே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டு, நீக்குவதற்குப் பதிலாகத் தடுத்தேன். நீக்கினால் அந்தத் தளம் மறுபடியும் கேட்கலாம். தடுத்தால் கேட்க முடியாது. பிறகு, எந்தத் தளமும் இனிமேல் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கவே கூடாது என்ற பொதுத் தேர்வையும் போட்டேன். மொத்தம் ஆறு நிமிடங்கள் ஆயின. அன்று மாலை அத்தை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். 5-ம் வரவில்லை, 13-ம் வரவில்லை.

செலவில்லாமல், ஆறு நிமிடத்தில், ஃபார்மேட் செய்தும் தீராத தொல்லையை முடித்த வழி என்ற வகையில் இதற்கே முதலிடம் தருவேன். ஆனால் முழு மதிப்பெண் தர மனம் வரவில்லை. கேட்கும் கேள்வி வாசற்படியில் நிற்கிறது, பதிலைத் திரும்பப் பெறும் இடமோ ஐந்து அறைகள் தாண்டி உள்ளே இருக்கிறது. அனுமதியைக் கொடுக்க ஒரு தட்டல், எடுக்க ஏழு தட்டல் என்ற இந்த ஏற்றத்தாழ்வில்தான் போலிகளின் பிழைப்பே நடக்கிறது. உலாவி செய்பவர்களுக்கு இது தெரியாததல்ல. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 2019-இல் நடத்திய ஆய்வில், அதன் பயனர்களிடம் எழுந்த அறிவிப்புக் கேள்விகளில் சுமார் 99 சதவீதம் ஏற்கப்படாமலே போனது தெரியவந்தது. அதன் பின்னர், 2020 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72 முதல், பயனர் பக்கத்தில் எதையாவது தொடாதவரை அந்தக் கேள்வி தானாகக் குதித்து வராமல் முகவரிப் பட்டையில் ஒரு சின்னக் குறியாக ஒதுங்கி நிற்கிறது. குரோம் அடுத்த மாதமே 80-ஆம் பதிப்பில் அடக்கமான ஒரு முறையைக் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் கூகுள், அறிவிப்புகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றையே மக்கள் தொடுகிறார்கள் என்று சொல்லி, பயனர் எட்டியே பார்க்காத, ஆனால் அறிவிப்புகளை ஏராளமாக அனுப்பும் தளங்களின் அனுமதியைக் குரோம் தானாகவே திரும்பப் பெறும் என்று அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பொதுத் தேர்வை அடைத்துவிடுவதே வயதானவர் வீட்டுக்கு உகந்தது. கணினியின் மூலையில் சீட்டு வந்தால்தான் நடக்கும் என்ற காரியம் அத்தைக்கு ஒன்றுகூட இல்லை.

முழுத்திரைப் பூட்டுக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் அது அனுமதி கேட்டுவிட்டு வருவதில்லை. அதற்காக நான் நாடியது மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியிலுள்ள ஸ்கேர்வேர் பிளாக்கர். பயமுறுத்திப் பணம் பறிக்கும் பக்கங்களுக்குத்தான் அந்தத் துறையில் ஸ்கேர்வேர் என்று பெயர். 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2025 தொடக்கத்தில் முன்னோட்டமாகப் பயனர்களுக்கு வந்தது. வழக்கமான பாதுகாப்பு முறைகள், கெட்ட முகவரிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பவை. எட்ஜில் உள்ள டிஃபெண்டர் ஸ்மார்ட்ஸ்கிரீனும் பெரும்பாலும் அப்படித்தான். போலிக்காரர்களோ முகவரியைச் சட்டை மாற்றுவதுபோல் மாற்றுபவர்கள். பட்டியலில் ஏறுவதற்குள் அடுத்த முகவரிக்குப் போயிருப்பார்கள். ஸ்கேர்வேர் பிளாக்கர் முகவரியைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறது. ஒரு பக்கம் திடீரென்று முழுத்திரையைப் பிடித்துக்கொண்டால், அதன் தோற்றத்தை ஏற்கெனவே கற்றறிந்த ஆயிரக்கணக்கான மோசடிப் பக்கங்களின் தோற்றத்தோடு கணினிக்குள்ளேயே ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் முழுத்திரையை விலக்கி, ஒலியை நிறுத்தி, அந்தப் பக்கத்தின் சிறிய படத்தையும் காட்டி, மூடவா, தொடரவா என்று கேட்கிறது.

இது நன்றாக வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சோதிப்பதற்காக மோசடிப் பக்கங்களைத் தேடிப் போகவில்லை. அதை யாரும் செய்ய வேண்டாம். டிசம்பரில் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே, பஞ்சாங்கத் தளம் ஒன்றின் பெயரை அத்தை ஓர் எழுத்து விட்டுத் தட்டினார். பக்கம் இரண்டு முறை தாவி, திரை நீலமானது, கீச்சொலி தொடங்கியது. நான் கையை நீட்டுவதற்குள் எல்லாம் சுருங்கி, அமைதியாகி, வெளிறிய ஒரு பக்கத்தின் நடுவே அந்த மிரட்டல் தபால்தலை அளவுப் படமாகக் கிடந்தது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்து அதை உற்றுப் பார்த்து, “இவ்வளவுதானா இது?” என்றார். மிரட்டலைச் சிறியதாக்கிக் காட்டுவது என்ற அந்த வடிவமைப்பு முடிவை யார் எடுத்தாரோ, அவருக்கு ஒரு வணக்கம். வெறுமனே தடுத்து, சிவப்பில் இன்னொரு எச்சரிக்கையைப் போட்டிருந்தால், இரண்டு எச்சரிக்கைகளில் எது உண்மை என்ற குழப்பம்தான் மிஞ்சியிருக்கும்.

செப்டம்பரில் இதை நானே அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டியிருந்தது. தனியுரிமை, தேடல், சேவைகள் என்ற பகுதியில் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் அதற்கான பொத்தான் இருக்கிறது. 2 ஜிபிக்கு மேல் நினைவகமும், செயலியில் நான்கு கோர்களும் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) உள்ள கணினிகளில் இது தானாகவே இயங்கிய நிலையில் இருக்கும் என்று 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அத்தையின் ஒன்பது வயதுக் கணினியும் இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கியது. கண்ட மோசடிப் பக்கத்தைப் பயனர் புகாரளிக்கவும் முடியும். ஒவ்வொரு புகாரும் சராசரியாக இன்னும் 50 பேரைக் காப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். திரை முழுவதையும் பிடிக்கும் பக்கங்களுக்கே இது காவல். மூலையில் வரும் சீட்டுக்கும், சாதாரணத் தாவலுக்குள் (டேப்) அடங்கி நின்று மிரட்டும் பக்கத்துக்கும் இது பொறுப்பேற்பதில்லை. எட்ஜின் புதிய தாவல் பக்கத்தில் செய்திகளும் விளம்பரங்களும் ஒரே மாதிரி அட்டைகளாகக் கலந்து வரும் என்பதால், அந்தப் பக்கத்தின் அமைப்பில் போய் உள்ளடக்கத்தை அணைத்து, தேடல் பெட்டி மட்டும் இருக்கும்படி வைப்பதும் அவசியம். ஒரு கையால் மோசடியைத் தடுத்துவிட்டு மறு கையால் விளம்பரத்தை நீட்டுவது என்ன நியாயமோ, தெரியவில்லை.

குரோமிலும் இதற்கு ஈடான ஒன்று இருக்கிறது. 2025 மே மாதம் வந்த 137-ஆம் பதிப்பிலிருந்து, மேம்பட்ட பாதுகாப்பு என்ற தேர்வைப் போட்டவர்களுக்கு, விசைப்பூட்டு வசதியைப் பயன்படுத்துவது போன்ற சந்தேகத்துக்கிடமான நடத்தை தெரிந்தால், கணினிக்குள்ளேயே இயங்கும் ஜெமினி நானோ என்ற மொழி மாதிரி (எழுத்தைப் படித்து ஆராயும் செயற்கை நுண்ணறிவு) அந்தப் பக்கத்தின் நோக்கத்தை ஆராய்கிறது. தோற்றத்தைப் பார்க்காமல் பேச்சைப் படிப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த மாதிரிக்கு 22 ஜிபி காலியிடமும், அதோடு வலுவான கிராஃபிக்ஸ் அட்டையோ 16 ஜிபி நினைவகமோ வேண்டும். அத்தையின் கணினி அந்தப் பந்தியில் உட்கார முடியாது. புதிய கணினி வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது விளம்பரத் தடுப்பான். மோசடிப் பக்கங்கள் பெரும்பாலும் விளம்பரங்களின் முதுகில் ஏறித்தான் வீட்டுக்குள் வருகின்றன. பெரிய தேடுபொறியின் முடிவுகளுக்கு மேலே அமர்ந்திருக்கும் விளம்பரமே போலியாக இருந்த நிகழ்வுகளும் உண்டு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடுபொறி விளம்பரங்களில் பெரிய நிறுவனங்களைப்போல் நடிக்கும் மோசடிகளைப் பற்றி எச்சரித்தபோது, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியை (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) பயன்படுத்துமாறு மக்களுக்கு வெளிப்படையாகவே அறிவுரை சொன்னது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பதைக் கள்ளத்தனமாக நினைக்கும் நண்பர்களிடம் நான் காட்டுவது இந்த அறிவுரையைத்தான்.

ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின் இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. நீட்சிகளுக்கான விதிமுறையைக் கூகுள் மாற்றியதால், 2025-இல் குரோமில் அது இயங்காமல் போனது. ஃபயர்பாக்ஸில் முழு வடிவம் இன்றும் இயங்குகிறது. குரோமுக்கும் எட்ஜுக்கும் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற எளிய வடிவம் உண்டு. அத்தையின் எட்ஜில் நான் போட்டது லைட். முழு வடிவத்தோடு ஒப்பிட்டால் நுணுக்கமான கட்டுப்பாடுகள் குறைவு; அவற்றை அத்தை எப்படியும் தொடப்போவதில்லை என்பதால் அது ஒரு குறையாகவே படவில்லை. போட்ட அன்றிலிருந்து, அவர் வழக்கமாகப் படிக்கும் தளங்களில், தரவிறக்கு என்று பச்சை நிறத்தில் மின்னும் போலிப் பொத்தான்கள் மறைந்தன. பிடிஎஃப் தேடும் தமிழ் வாசகர்களுக்கு இது சாதாரண நன்மை அல்ல. பழைய நூல்களைத் தரும் சில தளங்களில் உண்மையான இணைப்பு ஒன்றும், அதைச் சுற்றிப் பொய்ப் பொத்தான்கள் நான்கும் இருக்கும். விளம்பரத் தடுப்பானை நிறுத்தச் சொல்லும் செய்தித் தளங்களுக்கு மட்டும், நீட்சியின் சின்னத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு விலக்குக் கொடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: இதே பெயரை ஒட்டிய வேறு பெயர்களில் தொடர்பில்லாத நீட்சிகள் உலவுகின்றன. பெயரில் ஆரிஜின் என்ற சொல்லும், உருவாக்கியவர் இடத்தில் ரேமண்ட் ஹில் என்ற பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துப் போடுங்கள்.

மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் பிரௌசர் கார்டு என்ற இலவச நீட்சியையும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். விளம்பரங்களோடு, தொழில்நுட்ப உதவி மோசடிப் பக்கங்களையும் உலாவியைப் பூட்டும் பக்கங்களையும் தடுப்பது அதன் வேலை. எட்ஜைப் பயன்படுத்தாதவர்களுக்கு, குறிப்பாக குரோமையோ ஃபயர்பாக்ஸையோ விட மனமில்லாதவர்களுக்கு, நல்ல மாற்று. எட்ஜில் ஏற்கெனவே இரண்டு காவல் இருந்ததால், ஒரே வாசலுக்கு மூன்று பூட்டு எதற்கு என்று நான் எடுத்துவிட்டேன். அதே நிறுவனத்தின் அட்வ்கிளீனர் என்ற சிறிய மென்பொருள் வேறு ரகம். அறிவிப்புகளையெல்லாம் அடைத்த பிறகும் எச்சரிக்கை வந்தாலோ, உலாவியின் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் தானாக மாறினாலோ, கணினிக்குள் உண்மையாகவே விளம்பர மென்பொருள் புகுந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது அதை ஒருமுறை ஓடவிடலாம். நிறுவ வேண்டியதில்லை, ஓட்டிவிட்டு அழித்துவிடலாம். அத்தையின் கணினியில் ஓட்டினேன், அகப்பட்டது ஒன்றுமில்லை.

பணம் கட்டிய வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடைக்காரர் போட்டுக்கொடுத்த மென்பொருளின் பெயரைத் தவிர்க்கிறேன். எச்சரிக்கைச் சீட்டுகளை அது தடுக்கவில்லை. தடுக்காததில் வியப்பும் இல்லை, ஏனென்றால் அனுமதி பெற்று வரும் அறிவிப்பு அதன் கணக்கில் வைரஸ் அல்ல. ஆனால் அதுவே நாளுக்கு இரண்டு முறை, அதே வலது மூலையில், அதே சிவப்பில், உங்கள் கணினி முழுப் பாதுகாப்பில் இல்லை, கூடுதல் திட்டத்துக்கு மாறுங்கள் என்று சீட்டு நீட்டியது. அத்தை அதையும் போலி என்றே நோட்டில் எழுதியிருந்தார். அவரைத் திருத்த நான் முயலவில்லை. அதை நீக்கியதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இந்த வகைப் பயன்பாட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து.

பயமுறுத்தி விற்பது முகமற்ற மோசடிக்காரர்களின் தனி உரிமையும் அல்ல. கணினிப் பழுதுநீக்கி என்ற பெயரில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற மென்பொருள்களை விற்ற சைப்ரஸ் நாட்டு நிறுவனங்கள், விண்டோஸ் எச்சரிக்கைகளைப் போல் நடிக்கும் விளம்பரங்களைக் காட்டி ஏமாற்றியதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியதை அடுத்து, 2024-இல் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பு 2019-இல், ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத் தொடரும் அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும், இலவசச் சோதனை என்ற பெயரில் இல்லாத கோளாறுகளைக் காட்டிப் பழுதுபார்ப்புச் சேவை விற்றதான புகாரில் மொத்தம் 3.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. கணினியை விரைவாக்கித் தருவதாகவோ சுத்தம் செய்வதாகவோ சொல்லும் மென்பொருள் எதையும் அத்தையின் கணினியில் நான் போடாததற்கு இந்த வழக்குகளே காரணம்.

கருவிகள் தவறிவிடும் நாளுக்காக விசைப்பலகையையும் பழக்கிவிட வேண்டும். எஸ்கேப் விசையை வெறுமனே தட்டினால், விசைப்பூட்டு போட்ட பக்கம் அதை விழுங்கிவிடும். இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் முழுத்திரை விலகியே ஆக வேண்டும், அதை எந்தப் பக்கமும் தடுக்க முடியாதபடிதான் உலாவிகளை அமைத்திருக்கிறார்கள். அதுவும் கைகூடாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உலாவியை முடித்துவிடலாம். மறுபடி திறக்கும்போது, மூடிய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்கும். மீட்டால் பூதமும் கூடவே வரும் என்பதால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியை நான் ஒரு பாதிப்பும் இல்லாத முழுத்திரை வீடியோவை வைத்துக் கொடுத்தேன். மூன்றாவது முறையில் அத்தை எஸ்கேப் விசையை, வகுப்பில் சத்தம் போடும் பையனை முறைப்பதுபோல், திரையைப் பார்த்தபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரியையும், பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930-ஐயும் ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். அத்தை அதைப் பிரித்தெடுத்து, என் கையெழுத்து சரியில்லை என்று சொல்லி, தானே வேறு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. தீபாவளிக்காக நான் போவதற்கு முந்தைய வாரம், அதைத் தெரிவிக்கும் உண்மையான செய்தி ஒன்று அத்தையின் திரை முழுவதும் வந்திருக்கிறது. அதுவும் நீல நிறத்தில்தான். அவர் எதையும் அழுத்தவில்லை, யாரையும் அழைக்கவில்லை. நான் போய் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 2026 அக்டோபர் 13 வரைக்குமான கூடுதல் பாதுகாப்பு மேம்படுத்தல்களைக் கட்டணமில்லாத வழியில் பதிவுசெய்து கொடுத்தேன். எட்ஜுக்கான மேம்படுத்தல்கள் குறைந்தது 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-இல் தொடரும் என்பதால், மேலே சொன்ன ஏற்பாடு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்த பிறகு நோட்டைப் புரட்டினேன். தேதி, நேரத்துக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: ‘நீலத் திரை. சத்தம் இல்லை. வைரஸ் எண்ணிக்கை சொல்லவில்லை. தொலைபேசி எண்ணும் இல்லை. எனவே உண்மையாக இருக்கலாம். அவன் வந்ததும் கேட்க வேண்டும்.’